மடக்கிய விரல்

காவேரியின் கையைப் பற்றி ஊரில் யாரும் அவள் முகத்துக்கு நேராக எதுவும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் அவள் ஊன்றிய அவரை ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்து வைத்த பூசணி முளைத்து, இரண்டு இலை விட்டு, மூன்றாவது இலைக்கு மனசில்லாமல் சுருண்டு படுத்தது. முருங்கைப் போத்து ஒடித்து வீசினாலே வேர் பிடிக்கும். அதுகூட அவள் நட்டபோது மட்டும் காய்ந்து விறகானது. இத்தனைக்கும் அவள் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். உதைக்கிற மாடு அவள் மடியைத் தொட்டால் நின்று பால் கொடுக்கும். விதை மட்டும் அவளிடம் முகம் கொடுக்க மறுத்தது. அவள் கை விதைக்கு ஆகாது என்று தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். அவளும் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு கொத்தமல்லி விதையைக்கூடத் தூவாமல் இருந்தாள்.

கை என்றால் அவள் நாத்தனார் மாதம்மாளுடையதுதான் கை. காவேரியின் புருஷன் பச்சியப்பனுக்கு மூத்தவள், அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் தின்றுவிட்டுத் துப்பிய தர்பூசணிக் கொட்டை குப்பைமேட்டில் காய்த்து, தெருப் பிள்ளைகள் அறுத்துத் தின்ற கதையை ஊர் இன்னும் சொல்லும். மிளகாய் நாற்று விட வேண்டுமா, தக்காளி போட வேண்டுமா, முதல் விதையைப் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். வருவாள், கிழக்கே பார்த்து நின்று ஒரு சிட்டிகை போடுவாள், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே, சித்தேரி மலைக்கு இந்தப் பக்கம் பாதி நிலம் அவள் கை பட்டது.

ஓசூரில் நர்ஸாக இருக்கும் மகள் பிரியதர்ஷினிக்குத் தை மாசக் கடைசியில் முகூர்த்தம் குறித்தபோதுதான் காவேரிக்கு இந்தக் கை விஷயம் மறுபடி முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. அவர்கள் பங்காளி வகையில் கல்யாணத்துக்கு முன்னால் முளைப்பாலிகை போடுவார்கள். மண்சட்டிகளில் எருவைக் கொட்டி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, முளைத்த பயிரை மணப்பந்தலில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். பயிர் எப்படி எழும்புகிறதோ அப்படித்தான் பெண்ணின் வாழ்க்கையும் என்பார்கள். முதல் கை தானியம் போட வேண்டியவள் பெண்ணைப் பெற்றவள்.

மாதம்மாள் நல்ல மனதோடுதான் சொன்னாள். "பாலிகைக்கு மொதல் கை நானே வெச்சிடறேன் காவேரி. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

காவேரி தலையை ஆட்டினாள். அவள் மனதில் வைத்துக்கொண்டது நாத்தனார் மேல் கோபம் இல்லை. பயம். ஊர் நம்புவதை அவளும் பாதி நம்பினாள். பத்து மாதம் சுமந்தவளுக்கு மகளுடைய சட்டியில் ஒரு பிடி பயறு போட உரிமை இல்லையா என்று ஒரு பக்கம் கொதித்தது. போட்டு அது முளைக்காமல் போனால் பிள்ளை வாழ்க்கைக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொரு பக்கம் தடுத்தது.

அந்த நேரத்தில்தான் பச்சியப்பன் அந்த விதையைக் கொண்டுவந்தான். அவன் குட்டியானை வண்டி வைத்து ஓசூர்ப் பக்கம் தக்காளி லோடு அடிப்பவன். அங்கே பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பயிர் வளர்க்கும் ஒரு பாலிஹவுஸில் பேச்சுக் கொடுத்ததில் ஒரு பிடி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பூசணி விதையைப் போலத் தட்டையாக, வெள்ளையாக இருந்தது. சுக்கினி என்று பெயராம், பெங்களூரு ஓட்டல்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்களாம். சுக்கு என்றால் கஷாயம் வைக்கலாம், சுக்கினியை என்ன செய்வது என்று மாதம்மாள் கேட்டாள். பச்சியப்பனுக்கும் தெரியவில்லை. அங்கே வேலை செய்கிற பெண்கள் விடிகாலையில் ஒரு பூவைப் பறித்து இன்னொரு பூவைத் தொட்டுத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், அது ஏதோ அவர்கள் ஊர் பூஜை போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிச் சிரித்தான்.

பெயரே வாயில் நுழையாத விதை. யார் போட்டால் என்ன என்று அதை யாரும் சீந்தவில்லை. காவேரி காகிதத்தை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். இந்தச் செடிக்குத் தன் கையைப் பற்றித் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. வெளியூர்க்காரி, ஊர்ப் பேச்சு இன்னும் காதில் விழுந்திருக்காது. இது முளைத்துக் காய்த்தால் பாலிகைக்கு நான்தான் கை வைப்பேன் என்று கேட்டுவிடுவது, காய்க்காவிட்டால் வாயைத் திறக்காமல் ஒதுங்கிவிடுவது. யாரிடமும் சொல்லாமல் தனக்குத் தானே பந்தயம் கட்டிக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்ததும், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நாலு குழி எடுத்து, மக்கிய சாணியும் சாம்பலும் கலந்து, விதையை ஊன்றினாள். பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அந்த வைராக்கியம் சாயங்காலம் வரை தாங்கியது. பாத்திரம் கழுவும் சாக்கில் ஒரு தடவை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் ஒரு தடவை என்று நாளெல்லாம் மண்ணைப் பார்த்தாள். மண் மண்ணாகவே இருந்தது.

ஒரு காலையில் மண் வெடித்திருந்தது. குனிந்து பார்த்தாள். வெளிர்பச்சையாக ஒரு தண்டு, கழுத்தை மடக்கிக்கொண்டு, முதுகால் மண்ணை முட்டித் தூக்கிக்கொண்டு நின்றது. பிஞ்சைக் காட்டும்போது நாம் மடக்குவோமே, அந்த விரலைப் போலவே இருந்தது. நீட்டிய விரலால் பிஞ்சைக் காட்டினால் அது அழுகி விழுந்துவிடும் என்று மடக்கிய விரலால்தான் காட்டுவார்கள். இப்போது மண்ணுக்குள்ளிருந்து யாரோ விரலை மடக்கி அவளையே காட்டினார்கள். மத்தியானத்துக்குள் கழுத்து நிமிர்ந்துவிட்டது. விதையின் வெள்ளை ஓட்டைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு இரண்டு இலையும் பிரியப் பார்த்தன. ஓட்டைக் கழற்றிவிடலாமா என்று காவேரியின் கை போனது, பாதியில் நின்றது. தொடவில்லை. அது தானாகக் கழற்றிக்கொள்ளும் வரை வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. நாலு குழியிலும் முளைத்திருந்தது.

கொடி வகை என்று நினைத்துப் பச்சியப்பன் சவுக்குக் குச்சி நட்டுப் பந்தல் போட்டுக் கொடுத்தான். செடி பந்தலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடைகாக்கும் கோழியாகத் தரையிலேயே பரந்து உட்கார்ந்துகொண்டு, இருந்த இடத்திலிருந்தே இலைமேல் இலையாக விட்டது. ஒவ்வொரு இலையும் முறத்தளவு இருந்தது. தண்டெல்லாம் முள்முள்ளாகச் சுனை, தொட்டால் கையைக் கீறியது. இலை முழுக்க வெள்ளி பூசியதைப் போலத் திட்டுத் திட்டாகக் கிடக்க, நோய் விழுந்துவிட்டது என்று பால் எடுக்க வரும் குரு சொன்னான். நோய் இல்லை, அதன் அழகே அதுதான் என்பது புதிதாக விட்ட இலைகளும் அதே வெள்ளியோடு வந்தபோதுதான் தெரிந்தது. நிலா வெளிச்சம் இலையில் விழுந்து போகாமல் ஒட்டிக்கொண்டதோ என்று காவேரி நினைத்தாள். இப்படியெல்லாம் நினைக்கத் தனக்கு எப்போது தெரிந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

மார்கழியில் பூ வந்தது. முதலில் நீளக் காம்பில் வெறும் பூக்கள். அப்புறம் அடியில் விரல் நீளப் பிஞ்சோடு பூக்கள். செய்தி கேட்டு வந்த மாதம்மாள் இலையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை மடக்கி, "அதோ ஒண்ணு, இதோ ஒண்ணு" என்று காட்டினாள். அவள் முகத்தில் வியப்பு இருந்தது, மறைக்கவும் இல்லை. அடுத்த நாள் குருவும் பார்த்தான். அவன் ஒரு பிஞ்சை விரலை நீட்டியே காட்டிவிட்டான்.

இரண்டு நாளில் அந்தப் பிஞ்சின் நுனி மஞ்சளாகி, குழைந்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

காவேரி அதை வேலிக்கு அப்பால் வீசினாள். வந்தவர்கள் கண்ணெல்லாம் பட்டிருக்கும், இனி எவர் பார்வையும் படக்கூடாது என்று தன் பழைய நைலக்ஸ் புடவைகளைக் கொண்டுவந்தாள். செடி ஏறாத பந்தல் இப்போது உதவிக்கு வந்தது. நாலு பக்கமும் மேலேயும் புடவையை இழுத்துக் கட்டி, ஓரத்தில் கல் வைத்து அழுத்தினாள். மெல்லிய துணி என்பதால் வெயில் உள்ளே வடிந்து விழுந்தது. ஓசூர்ப் பாலிஹவுஸிலும் இப்படித்தான் மூடி வைத்திருக்கிறார்கள் என்று பச்சியப்பன் வேறு மெச்சினான். அதற்குமேல் அவளுக்கு என்ன வேண்டும்? சாயங்காலம் புடவைக்குள் கையை மட்டும் விட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

உள்ளே பூ பூத்தது. பிஞ்சும் வந்தது. ஒன்று தவறாமல் எல்லாம் அழுகியது. நுனியில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஈரமாக ஒரு சொதசொதப்பு. யார் கண்ணும் படவில்லை, யார் விரலும் நீளவில்லை. உள்ளே போனது அவள் கை ஒன்றுதான். கணக்கு அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று பொழுது சாயும்போது மாதம்மாள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றாள். "அண்ணி, பாலிகைக்கு நீங்களே கை வெச்சிடுங்க. எனக்கு வேணாங்க" என்றாள். உள்ளே வந்து காப்பி குடிக்கச் சொன்னதற்கும் நிற்காமல் திரும்பினாள்.

விடியும் முன்னே மலைப் பக்கமிருந்து காற்று எழுந்து கூரை ஓடுகளையெல்லாம் தடதடக்க வைத்தது. வெளிச்சம் வந்ததும் காவேரி பின்னால் போனாள். கட்டியிருந்த புடவை ஒரு பக்கம் கல்லைத் தள்ளிவிட்டுப் பிய்ந்து வேலியில் படபடத்தது. இனி அதை மறுபடி கட்டுவதில் அர்த்தமில்லை. செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றுதான் கிட்டே போனாள்.

பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. புடவைக்குள் மங்கலாகவே பார்த்தவளுக்கு அந்த மஞ்சள் கண்ணைக் கூசவைத்தது. ஒரு பூவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு தேனீ, உடம்பெல்லாம் மஞ்சள் பொடி, மாவு மில்லில் வேலை செய்பவனைப் போல உருண்டு கொண்டிருந்தது. வெளியே வந்தது, பறக்க முடியாமல் தள்ளாடியது, பக்கத்தில் பிஞ்சோடு இருந்த பூவுக்குள் விழுந்தது. அங்கே நடுவிலிருந்த பிசுபிசுத்த முடிச்சின் மேல் ஏறி நடந்தது. அது நடந்த இடமெல்லாம் மஞ்சள் அப்பிக்கொண்டது.

காவேரி அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். பத்தாவது அறிவியலில் ஐந்து மார்க் கேள்வி. மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன, படத்துடன் விளக்குக. ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸிலேயே மறந்தும் போயிருந்தாள். வெறும் பூ ஏன் வந்தது, பிஞ்சுப் பூ எதற்குக் காத்திருந்தது, இரண்டுக்கும் நடுவே இந்தக் கடுகளவு உயிர் எதற்காக இத்தனை பாடுபடுகிறது என்பதெல்லாம் இப்போது அவள் வீட்டுப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தது. தினமும் விடிகாலையில் நடந்துகொண்டுதான் இருந்திருக்கும், ஊர் உலகமெல்லாம், ஒவ்வொரு வேலியிலும். இதை அவள் பார்த்ததே இல்லை. கண்ணு படாமல் காப்பதாக நினைத்து, வர வேண்டியவன் வரும் வாசலை அவளே அடைத்து வைத்திருந்தாள். கை கூப்ப வேண்டும் போலிருந்தது. கூப்பினாள்.

மிச்சப் புடவையையும் அவிழ்த்துப் போட்டாள். அன்று தேனீ வந்துபோன பிஞ்சு மஞ்சளாகவில்லை. அடுத்த நாள் கருத்துப் பருத்தது. ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் சாணளவுக்கு மேல் இருந்தது விடிவதற்குள் முழங்கையை எட்டியது. இருட்டில் ஒரு சத்தமில்லை, யாரையும் கூப்பிடவில்லை, தானாக ஒரு ராத்திரியில் இப்படி வளர்ந்து கிடந்தது. காவேரி அதைத் தடவிப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, பிறந்த குழந்தையின் தொடையைப் போல வழுவழுப்பாக இருந்தது.

மறுநாள் பனி. மலையே தெரியவில்லை, எதிர் வேலி தெரியவில்லை, ஒரு தேனீயும் வரவில்லை. அழுகி விழுந்த முதல் பிஞ்சு பூத்த நாளும் இப்படித்தான் பனி மூடியிருந்தது. பூவோ வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். மூன்று பிஞ்சுப் பூக்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அப்போதுதான் ஓசூர்ப் பெண்களின் பூஜை ஞாபகம் வந்தது. பூவால் பூவைத் தொட்டார்கள் என்று பச்சியப்பன் சொன்னானே, அவர்கள் கும்பிட்டுக்கொண்டா இருந்தார்கள்! காவேரி ஒரு வெறும் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்தாள். நடுத்தண்டு மஞ்சள் பொடியோடு கையில் நின்றது. விதைக்கு ஆகாத அந்தக் கை, சுனை கீறிக் கோடு கோடாக இருந்த கை, இந்தப் பூவை நோக்கிப் போனது. தொட்டுத் தடவினாள். ஒன்று. இன்னொன்று.

"என்ன பண்ற காவேரி?"

மாதம்மாள் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். அன்று வாசலிலேயே திரும்பிப் போனவளை எண்ணி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காவேரி எழுந்திருக்கவில்லை. இங்கே வாருங்கள் என்று பக்கத்தில் உட்காரவைத்து, தேனீயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் விரலை மடக்கி, முழங்கை நீளக் காயைக் காட்டினாள். மாதம்மாள் மூன்றாவது பூவைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப என் கைராசி கைராசிங்கறாங்களே, அது?"

காவேரி யோசித்தாள். பொய் சொல்லவும் மனதில்லை, குத்திக் காட்டவும் மனதில்லை. "நீங்க எதையும் மூடி வெக்கலீங்க அண்ணி. திறந்து விட்டீங்க. வர்றது வந்துச்சு."

மாதம்மாள் கையை நீட்டி மஞ்சள் தண்டை வாங்கிக்கொண்டாள். மூன்றாவது பூவை அவள் தொட்டாள், காவேரி அதன் இலையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். பனிக்குள் இரண்டு பேரும் ஒரு பூவுக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்துக் குரு பால் கேனோடு ஓசைப்படாமல் திரும்பிப் போனான். மாதம்மாள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டாள். பாலிகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காவேரியும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்பதாவது.

மூன்றும் காயாயின.

பாலிகை போடும் நாளில் வீடு உறவுக்காரர்களால் நிறைந்தது. நடு வீட்டில் சட்டிகள் எருவோடு வரிசையாக இருந்தன. வெண்கலக் கிண்ணத்தில் நவதானியம் ஊறிப் பருத்திருந்தது. பிரியதர்ஷினி மஞ்சள் பூசி மணையில் உட்கார்ந்திருந்தாள். காவேரி சமையல்கட்டில், கதவுக்குப் பின்னால், சுக்கினியை அரிந்து கடலைப்பருப்புக் கூட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நீர் கோத்து, வெள்ளையாக, அரிவாள்மனையில் சத்தமில்லாமல் விழுந்தது. ஒரு காயே இத்தனை பேருக்கும் வரும் போலிருந்தது. வெளியே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

முதல் கை யார் வைப்பது என்று பங்காளி வீட்டுப் பெரியவர் கேட்பது காதில் விழுந்தது. அதற்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். மாதம்மாள் தலைக்குக் குளித்து, பட்டு உடுத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரோ கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

அவள் எடுக்கவில்லை. பேச்சு அடங்கிப் போனது. என்னவோ ஏதோ என்று காவேரி கையில் ஈரத்தோடு கதவோரம் வந்து பார்த்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக மாதம்மாளின் கை உயர்ந்தது. ஆள்காட்டி விரல் நீள வந்து, நின்று, பிஞ்சைக் காட்டுவதுபோல மடங்கியது. மடங்கிய விரல் நேராகச் சமையல்கட்டுக் கதவைக் காட்டியது.

பாதிப் பேருக்கு அது புரியவில்லை. பிரியதர்ஷினி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். காவேரிக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தலைகளுக்கு நடுவே வழி கேட்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்துக்குள் கையை விட்டாள். தானியம் குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. கைப்பிடி நிறைய அள்ளினாள்.